பாலமே இல்லையென்றால் வரும்

"இந்த வேலை உங்கள் நிதியில் வருமா?" என்று ஒருவர் வந்து கேட்கிறார். வராது. அதைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா, ஏன் வராது என்பதையும் சொல்ல வேண்டுமா? இந்த இருக்கையில் இத்தனை வருடம் உட்கார்ந்த பிறகும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை.

பணி அனுபவம் எழுதுவது ஓய்வு பெற்றவர்களின் வேலை. எனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் சேர்த்த மகள் இருக்கிறாள். ஆனால் அடுத்த மாதம் நான் வேறு பிரிவுக்குப் போகிறேன், இந்த இருக்கைக்கு உங்களில் ஒருவர் வருகிறார் என்பதால், நம் ஊழியர் வட்டத்துக்கு இந்த முறை என்னையே எழுதச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். பிறகு, யாரிடமாவது கேட்டே ஆகவேண்டிய ஒன்று இருந்ததால் ஒத்துக்கொண்டேன். குடியிருப்பின் பெயரையும் ஆட்களின் உண்மைப் பெயரையும் எழுதவில்லை. நீங்களும் தேட வேண்டாம்.

விதிகளை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சமுதாய மேம்பாட்டு மானியம் எதற்கு வரும் என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எல்லோருக்கும் பயன்படும்படி, அரசு நிலத்தில், புதிதாக, நீண்ட காலம் நிற்கும் ஒன்றைக் கட்டுவதற்கு வரும். கோயில், பள்ளிவாசல், மாதா கோவிலுக்கு வராது. சங்கத்தின் சொந்தக் கட்டடத்துக்கு வராது. தனியார் மனையில் வராது. ஏற்கெனவே இருப்பதைப் பழுது பார்க்க வராது.

படிக்கும்போது எளிதாக இருக்கிறது. எதிரே ஆள் வந்து உட்கார்ந்தால் அப்படி இருக்காது. அம்மன் கோயில் வாசலுக்குக் கொட்டகை கேட்டு வருபவர், "கோயிலுக்கு எவன் கேட்டான்? கும்புட வர்ற சனத்துக்குத்தானே கேக்குறேன்" என்பார். மன்றத்துக்குக் கட்டடம் கேட்கும் பிள்ளைகள், "போர்ட வேணா கழட்டிடுறோம் மேடம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே வராது என்று சொல்லப் பழகிக்கொள்வீர்கள். நானும் பழகிக்கொண்டேன்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், எனக்கு முன்பு இந்த இருக்கையில் இருந்தவர் சில நாள் உடன் இருந்து பொறுப்பை ஒப்படைத்தார். அவர் எந்த விண்ணப்பத்தைத் திருப்பினாலும் 'தகுதியில்லை' என்று மட்டுமே எழுதுவார். காரணம் எழுதமாட்டார், வாயாலும் சொல்லமாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"காரணத்த சொன்னீன்னா, அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிக்கிட்டு மறுபடி வந்து நிப்பாங்க. ஒனக்குத்தான் வேல" என்றார்.

சோம்பேறித்தனத்துக்கு ஒரு நியாயம் கற்பிக்கிறார் என்று நினைத்தேன். அவர் போன பிறகு எனக்கு வந்த முதல் ஆள் திருமலைராயன்பட்டினத்துக்காரர். கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட ராவுத்தர் ஒருவர். அவர்கள் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் வெயிலில் காய்கிறார்கள், ஒரு நிழற்குடை வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டு முறை திருப்பப்பட்ட விண்ணப்பம். எடுத்துப் பார்த்தேன். அவர் காட்டியிருந்த இடம் அவருடைய குடும்ப மனையின் ஓரம்.

"பாவா, அந்த எடம் உங்க குடும்பத்துப் பேர்ல இருக்கு. அரசு நிலமா இருந்தாத்தான் இதுல வரும்" என்றேன்.

அவர் விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இதானா?"

"இதாங்க."

"இத சொல்றதுக்கு ஒங்க ஆபீஸ்ல யாருக்கும் வாய் வரலியா மவளே? நாம கேட்டா தரமாட்டாங்க, வேற ஆளு கேட்டாத்தான் தருவாங்கன்னு நான் தெருப்பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறேன். அல்லா, எத்தன பேர்ட்ட ஒங்கள பத்திப் பொறம் பேசியிருப்பேன்!"

மறுவாரமே அண்ணன் தம்பிகளைக் கூட்டிவந்து, அந்த ஓரத்தை அரசுக்கு எழுதிக்கொடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். "அந்த மூலைய வச்சு நான் என்ன கோட்டையா கட்டப்போறேன்?" என்றார். நிழற்குடை வந்தது. காரணம் சொல்லாமல் ஒரு சொல்லில் திருப்பியது, ஒரு தெருவுக்கே வேறு அர்த்தம் கொடுத்திருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. அன்றிலிருந்து காரணம் சொல்லாமல் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. உங்களுக்கும் அதையே சொல்லித்தந்திருப்பேன், இந்த வருடம் பங்குனி மாதம் வசந்தா வராமல் இருந்திருந்தால்.

நெடுங்காட்டுப் பக்கம், வயல்களுக்கு நடுவே, விவசாயக் கூலிக் குடும்பங்கள் இருக்கும் ஒரு குடியிருப்பு. ஊருக்கும் அதற்கும் நடுவில் ஒரு பாசன வாய்க்கால். அதன் மேல் ஒரு நடைபாலம். வசந்தா அந்தக் குடியிருப்பின் மகளிர் குழுத் தலைவி. நடவுக்கு ஆள் சேர்ப்பவரும் அவர்தான் என்பதால் குரல் வயல் அளவுக்குப் பெரியது. இன்னும் இரண்டு பெண்களோடு வந்தார். பாலத்தின் ஒரு பக்கக் கைப்பிடி போய்விட்டது, தளம் நடுவில் தொய்ந்துவிட்டது, அடியில் கம்பி தெரிகிறது, போன மழையில் பள்ளிக்கூடம் போன ஒரு பெண் கால் இடறி வாய்க்காலில் விழுந்து கை ஒடிந்தது என்றார். படமும் காட்டினார். பழுது பார்த்துத் தர வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

"அக்கா, பழுது பாக்குறதுக்கு இந்த நிதியில வழியில்லைங்க" என்றேன். "அது பராமரிப்புக் கணக்குல வரணும். இந்த வருஷம் அதுல ஒதுக்கீடு இல்ல."

"சரி, பழுது வேணாம். புதுசாவே கட்டிக் குடுங்க."

"ஒரு பாலம் இருக்கிற எடத்துல இன்னொரு பாலம்னா தேவையில்லைன்னு மேல திருப்பிடுவாங்க."

"அது இருக்கிற லட்சணத்த பாத்தீங்கல்ல?"

"நா பாத்தேன் அக்கா. விதியில 'இருக்கு', 'இல்ல'ன்னு ரெண்டே ரெண்டுதான். ஆடுது, தொய்யுதுன்னு நடுவுல ஒண்ணு கெடையாது."

வசந்தா உடன் வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டுக்கிட்டியளா? பல்லு ஆடுதுன்னு வந்தா, விழுந்தப்பறம் வாங்கன்னு சொல்றாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, சிரிப்பில்லாமல் கேட்டார்: "அப்ப பாலமே இல்லன்னா?"

"பாலமே இல்லைன்னா வருங்க" என்றேன்.

விதிப்படி அது சரியான பதில். அன்று யார் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். கோரிக்கையைப் பிரித்துக் காட்டுவது நம் வேலை, அதைத்தான் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட விதம் எனக்கு நினைவிருக்கிறது. சந்தேகம் கேட்பவரின் குரல் அல்ல அது. கடையில் விலை கேட்டு முடித்தவரின் குரல்.

அவர்கள் போன மறுநாள் நம் இளநிலைப் பொறியாளரிடம், ஜே.இ.யிடம், இதைச் சொன்னேன். "அதுக்கு ஒரு வழி இருக்கு மேடம்" என்றார் அவர். பொறியாளர் நேரில் பார்த்து, பாலம் நிற்கத் தகுதியற்றது என்று சான்று கொடுத்தால், அரசே அதை இடிக்கலாம். முறைப்படி இடித்த பிறகு அது பாலம் இல்லாத இடம்தான். புதியதற்கு இந்த நிதியிலேயே கேட்கலாம். நாளாகும், ஆனால் ஆகும்.

வசந்தாவின் போன் எண் விண்ணப்பத்திலேயே இருந்தது. உடனே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சான்று கொடுக்க வேண்டியது ஜே.இ. இல்லை, வேறு பிரிவு. அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன். வீணாக நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாதே என்று. அந்தப் பிரிவில் கேட்பதற்குள் மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. விடுப்பில் இருந்தேன். நெற்றியில் துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது வசந்தாவின் நினைவு வரத்தான் செய்தது. அலுவலகம் போய்ப் பேசிக்கொள்ளலாம், வாய்க்கால் இப்போது காய்ந்துதானே கிடக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை என்று விட்டேன்.

திரும்பி வந்து கூப்பிட்டேன். முறைப்படி இடிக்க வழி இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் முடிஞ்சுது தங்கச்சி" என்றார் வசந்தா. குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஞாயித்துக்கிழம ஊரே சேந்து வேல பாத்தோம். வீட்டுக்கு ஒரு ஆளு. கடப்பாறைய போட்டா பொலபொலன்னு வருது. அதுக்கு மேலயா இத்தன நாளு நடந்தோம்னு ஆம்பளைங்களுக்கே வேத்துப்போச்சு. மத்தியானம் எல்லாருக்கும் சேத்து சோறாக்குனோம். இப்ப பாலமே இல்ல. எழுதிக்குங்க."

போனை வைத்த பிறகு கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். எதைத் தேடினேன் என்பது தெரியவில்லை.

நீங்கள் நினைக்கலாம், அறியாமையில் இடித்துவிட்டார்கள் என்று. இதில் அறியாமை இல்லை என்பதுதான் என் கருத்து. வேறு இடத்துக்காரர்கள் மனு எழுதி மனு எழுதிக் காத்திருப்பார்கள். இவர்கள் வரப்பு வெட்டுவதையும் வாய்க்கால் தூர்வாருவதையும் கூடிச் செய்தே பழகியவர்கள். பாலம் இல்லாமல் இருப்பதுதான் தகுதி என்றால், அந்தத் தகுதியை ஒரே நாளில் உண்டாக்கிக்கொள்ள அவர்களால் முடிந்தது. ராவுத்தர் தன் நிலத்தை எழுதிக்கொடுத்துத் தகுதி உண்டாக்கினார், அவரைப் பாராட்டினோம். இவர்களிடம் எழுதிக்கொடுக்க நிலம் இல்லை.

புதிய நடைபாலம் கேட்டு விண்ணப்பம் சித்திரையில் வந்தது. அதை நான் முறைப்படி பதிந்தேன். அந்த நேரத்தில் மேலே எல்லாக் கோப்புகளும் நின்றுபோயின. ஒதுக்கீடு வந்தால்தான் நகரும் என்றார்கள். வாய்க்கால் தண்ணீரிலும் நாம் கடைமடை, காவிரி கடைசியாக வந்து சேரும் இடம். மேற்கே எல்லோருக்கும் பாய்ந்த பிறகுதான் நமக்குத் தண்ணீர். இந்த வருடம் தண்ணீர் எப்போது வருமோ என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்கள். வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள் காரைக்காலிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். ஆடி முடிவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

ஆவணியில் இடத்தைப் பார்த்து எழுத உத்தரவு வந்தது. ஜே.இ.யும் நானும் போனோம். இரண்டு கரையிலும் பழைய தாங்குசுவர்கள் மட்டும் நின்றன. நடுவே ஒரு பனைமரத்தைப் போட்டிருந்தார்கள். கீழே தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் வசந்தா.

"வாங்க தங்கச்சி! எங்க ஊருக்கு வந்துட்டு அந்தக் கரையிலயே நின்னா எப்புடி? டீ போட்டாச்சு."

"எனக்குப் பயமா இருக்கு அக்கா."

"அதான் எழுதுங்க, ஆபீசருக்கே பயமா இருக்குன்னு. சட்டுன்னு வந்துரும் பாலம்."

எல்லோரும் சிரித்தார்கள். டீயை ஒரு தூக்கில் ஊற்றிக்கொண்டு அவரே மரத்தின் மேல் நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், பால்வாடிக்குப் போகும் சீருடையில் ஒரு குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றொரு கையை அகல விரித்து, பக்கவாட்டில் அடி வைத்து வந்தாள். குழந்தைக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். தாயின் தோளைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். இந்தக் கரை வந்ததும் திறந்தது.

டீயைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு வசந்தாவைத் தனியே கூப்பிட்டேன்.

"ஏன்க்கா இடிச்சீங்க? நா இடிங்கன்னு சொல்லலையே."

"சொல்லல. நீங்க சொன்னீங்கன்னு யாரு சொன்னா? இல்லன்னா வரும்னீங்க. இல்லாம ஆக்கிட்டோம்."

"யாராவது கேட்டா?"

"கேட்டா தானா விழுந்துச்சுன்னு சொல்லுவோம். ஊருல எல்லார்கிட்டயும் பேசி வச்சாச்சு. ஒங்க பேரு எந்த வாயிலயும் வராது, பயப்படாதீங்க." பிறகு என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்து, "ஆறிப்போச்சே, குடிங்க" என்றார்.

என்னைக் காப்பாற்றுவதற்காக ஓர் ஊர் பொய் சொல்லத் தயாராக இருக்கிறது. கேட்கும்போது ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி இப்போதுவரை என்னைக் குத்துகிறது.

திரும்பும் வழியில் ஜே.இ. வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். "அந்தப் பாலம் எப்புடியும் இந்த மழைக்கு விழுந்திருக்கும் மேடம். நானே கையெழுத்துப் போட்டு சொல்லுவேன். ஆனா விழல பாருங்க. அதான் பிரச்சன."

அலுவலகத்தில் பிரிவு அதிகாரியிடம் போனேன். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் நல்லவர். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கண்ணால பாத்தத எழுதுங்க. காதால கேட்டத எழுத வேணாம்."

கண்ணால் பார்த்ததை எழுதினேன். 'கூறப்பட்ட இடத்தில் பாலம் எதுவும் இல்லை. பொதுமக்கள் பனைமரத்தின் மேல் கடக்கிறார்கள். இடம் அரசு நிலம். பணி தகுதியுடையது.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்று மாலை மகளுக்குச் சோறு ஊட்டும்போது, எதற்கோ பொய் சொன்னாள் என்று அவளை அதட்டினேன். மாமியார் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

புரட்டாசியில் அந்தக் குடியிருப்பில் ஒருவர் இறந்துபோனார். சுடுகாடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். பாடையை மரத்தின் மேல் நால்வர் தூக்கி வர முடியாது, வழியில் கீழே இறக்கவும் கூடாது. தண்ணீருக்குள் இறங்கி, நெஞ்சளவில், தலைக்கு மேல் பிடித்துக் கடந்திருக்கிறார்கள். வசந்தாதான் போனில் சொன்னார். அழவில்லை. "பொணத்துக்கு நீச்சல் தெரியாது தங்கச்சி, தூக்குனவங்கள்ல ரெண்டு பேருக்கும் தெரியாது. அவரு நல்ல மனுசன், அதான் ஒருத்தரையும் கூட கூட்டிக்கிட்டுப் போவல" என்றார். பிறகு, "எப்ப வருது?" என்று கேட்டார். மேலே போயிருக்கிறது என்றேன். அப்போது அது உண்மை.

ஐப்பசி பிறந்ததும் கோப்பு திரும்பி வந்துவிட்டது. ஒதுக்கீடு இருக்கிறது, வேலைக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு கேள்வி. மேலே புதிதாக வந்திருக்கும் அதிகாரி, இளைஞராக இருந்தபோது நம் பகுதியில் வேலை பார்த்தவராம். அந்தக் குடியிருப்புக்குப் பலமுறை நடந்தே போயிருக்கிறாராம். "நான் நடந்த பாலம் ஒண்ணு அங்க இருந்துச்சே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். சந்தேகப்பட்டுக்கூட இருக்காது. நினைவு வந்து கேட்டிருப்பார். ஆனால் கேட்டுவிட்டார். பதில் எழுத்தில் போக வேண்டும்.

பிரிவு அதிகாரி கோப்பை என் மேசையில் வைத்து, "நான் எதையும் கேக்கல, நீங்களும் எதையும் சொல்லல. பதில மட்டும் தயார் பண்ணுங்க" என்றார்.

தானாக விழுந்தது என்று எழுதலாம். ஊரே அதைச் சொல்லும். ஜே.இ.யும் மறுக்கமாட்டார். பாலம் வரும். ஆனால் பங்குனி வெயிலில், தண்ணீரும் இல்லாமல் மழையும் இல்லாமல் ஒரு பாலம் எப்படி விழும் என்று என்றைக்காவது யாராவது கேட்டால், என் வேலை போவது ஒருபுறம் இருக்கட்டும், என்னைக் காப்பாற்றப் பொய் சொன்ன அத்தனை பேரையும் நிற்க வைத்துக் கேட்பார்கள்.

குடியிருப்பு மக்களே இடித்தார்கள் என்று எழுதலாம். அது உண்மை. அப்படி எழுதினால் பணிக்குத் தகுதி போய்விடும். பொதுச் சொத்தை இடித்ததற்கு யார் மேலாவது நடவடிக்கை எடுக்க வேண்டிவரும். முதலில் வசந்தா மேல்தான். பராமரிப்பு நிதி அடுத்த வருடம் வந்தாலும் இனி அவர்களுக்கு உதவாது. பழுது பார்ப்பதற்கு ஒரு பாலம் இருக்க வேண்டுமே. அவர்களுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லாமல் போய்விடும்.

நான் சொன்ன பதிலைக் கேட்டுத்தான் இடித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் என்ன என்று ஜே.இ.யிடம் கேட்டேன்.

"எழுதுங்க. ஒங்களுக்கு வேல போவும், அவங்களுக்குப் பாலமும் வராது. ரெண்டு பேரும் சேந்து முழுகுனா யாரு கரையேறப் போறா?"

வீட்டில் கணவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். "நீ இத இவ்வளவு யோசிக்கிறதே, எழுதாம இருக்கத்தான்னு எனக்குத் தோணுது" என்றார். கோபம் வந்தது. பிறகு, அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்றும் வந்தது. மாற்றல் உத்தரவு கையில் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் கோப்பைத் தள்ளிவைத்தால், பதில் எழுத வேண்டியவர் உங்களில் ஒருவராகிவிடுவார். அப்படிச் செய்யமாட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் கோப்பு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

நேற்று வசந்தா கூப்பிட்டார். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, பனைமரத்தில் பாசி பிடித்துவிட்டது, மூன்று வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புவதில்லை என்றார். "எப்ப வருது தங்கச்சி?" என்றார். மேலே இருக்கிறது என்றேன். அது உண்மையில்லை.

"மேல இருந்தா சரி. நீங்க பாத்துக்குவீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதைப் படிக்கும் புதியவர்களிடமும், எனக்கு முன்னால் இப்படி ஒரு கோப்போடு உட்கார்ந்திருந்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேட்கிறேன். அந்த அதிகாரியின் கேள்விக்கு நான் என்ன பதில் எழுத வேண்டும்? இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி ஒன்று விதியில் இருந்து, எனக்குத்தான் தெரியவில்லை என்றால், தயவுசெய்து காட்டுங்கள். சட்டம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்து நம்மோடு வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால், அவர் சொல்வதை முதலில் கேட்க விரும்புகிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்; மழை இன்னும் முழுதாகத் தொடங்கவில்லை.